ஒரே ராத்திரிதானே

ராயக்கோட்டை ரோட்டில் எங்கள் ரிசார்ட்.
குளம் ஒன்று,
மருந்து அறைகள் இரண்டு.
வடக்கு அறையில் குளோரின் டிரம்.
பம்புக்கு அந்தப் பக்கம், பாறையை ஒட்டி,
ஆசிட் கேன்கள்.
நடுவே எழுபது அடி. நானே காலால் அளந்தது.
சாவிகளைக்கூட ஒரே கொத்தில் போடுவதில்லை:
ஒன்று இடுப்பில்,
ஒன்று கழுத்துக் கயிற்றில்.

வைகாசி முகூர்த்தம்.
ஓசூர் தாண்டி நாலு பஸ் ஜனம்.
மேனேஜர் ஜெயசிம்மன் வேர்த்து வருகிறார்:
"ரத்னா, பேண்டு செட்டு சாமான் வைக்க எடமில்ல.
ஒரு ரூமைக் காலி பண்ணு.
ரெண்டு மருந்தையும் ஒண்ணாப் போடு.
ஒரே ராத்திரிதானே."

பத்துப் பொருத்தமும் பார்த்த ஜோடி ஒன்று
மாமரத்தடியில்
படத்துக்குச் சிரித்துக்கொண்டிருக்கிறது.
என் கையில் இருக்கிற ஜோடிக்கு
ஒரு பொருத்தமும் கிடையாது, சார்.
மூடி கசிந்து
ஒன்று மற்றதன்மேல் பட்டால் போதும்,
மஞ்சளும் பச்சையுமாய் ஒரு புகை எழுந்து
தாலி கட்டுகிறவனையும் டிரம் தட்டுகிறவனையும்
வித்தியாசம் பார்க்காமல் இரும வைக்கும்.

"தண்ணியச் சுத்தம் பண்ற மருந்துதானம்மா"
என்கிறார்.

தீர்த்தகிரியும் அப்படித்தான் நினைத்தான்.
எனக்கு முன் இந்தக் குளத்தைப் பார்த்தவன்,
அரூர்ப் பக்கம், பெயரிலேயே தீர்த்தம்.
குளத்தில் மொண்ட மக்கை
ஈரத்தோடு டிரம்முக்குள் விட்டான் ஒரு நாள்.
எத்தனை சொட்டு என்று யார் எண்ணினார்கள்?
பிழைத்துவிட்டான்.
இப்போது மாங்கூழ் ஃபேக்டரியில் லோடு இறக்குகிறான்.
ஊரே பழுத்து மணக்கிற ஆனியில்
பழத்தை மூக்கோடு அழுத்திப் பிடித்து
"இது பெங்களூராவா, அல்போன்சாவா?" என்று
பக்கத்து ஆளைக் கேட்கிறான்.

அதனால்தான் என் டிரம்முக்கென்று
காய்ந்த கரண்டி ஒன்று.
அது வேறு எந்த வாசலும் மிதிக்காது.
வாளித் தண்ணீரில் மருந்தைப் போடுவேன்,
மருந்தின் தலையில் தண்ணீர் ஊற்ற மாட்டேன்.
இந்த முறை மாறினால்
முறைமாமன் வந்தாலும் காப்பாற்ற முடியாது.
காற்றுக்கு முதுகு காட்டி நிற்பேன்.
கண்ணாடியும் கையுறையும் போட்டால்
"வெல்டிங் அக்கா" என்பான் கிச்சன் அல்தாப்.
என்னட்டும்.
ஜெனரேட்டர் டீசலை
வடக்கு அறையில் ஒதுக்க வந்தவனோடு
தீபாவளி வரை நான் பேசவில்லை.

இதெல்லாம் ஜெயசிம்மனிடம் சொல்ல நேரமில்லை.
சொன்னது இவ்வளவுதான்:
"என் ரூமை எடுத்துக்கங்க."
புடவை மாட்டும் ஆணி, சோத்துத் தூக்கு,
பாதி தேய்ந்த சோப்பு.
ஏழு நிமிடத்தில் காலி.
பளபளவென்று டிரம்பெட்டுகள் போய் உட்கார்ந்தன.

பதினொரு மணிக்கு மழை.
இரண்டு கதவும் தெரிகிற இடத்தில் இருந்தேன்.
வடக்கு அறைக்குள் டார்ச் அடித்தால்
ஷீட்டில் ஒரு கண் திறந்திருக்கிறது.
டக்.
டக்.
டிரம்முக்கு ஒரு முழம் தள்ளி.

சேக்ஸபோன்காரர் ஒருத்தர் ஒதுங்க வந்தார்,
வாயில் பீடி.
"அதை அங்கியே அணைச்சிட்டு,
கையைத் துடைச்சிட்டு வாங்க."
மூடியைத் தொடாமல், சாய்க்காமல்,
இருவருமாக டிரம்மைப் பிளாஸ்டிக் பலகையோடு
மேட்டுச் சுவர்ப் பக்கம் இழுத்தோம்.
"என்னம்மா இது, புதையலா?"
"பாம்பு இல்லாத புதையல்" என்றேன்.
பிறகு தோன்றியது,
பாம்பு இல்லை என்று ஏன் சொன்னேன்.

விடிகாலை நாலரைக்குக் கெட்டிமேளம்.
எனக்குக் கேட்கவில்லை,
பம்பை ஓடவிட்டிருந்தேன்.

எட்டு மணிக்கு
பெண் வீட்டுப் பையன் ஒருவன்
வேட்டியை உருவிப் போட்டுவிட்டுக் குதித்தான்.
அடியில் போய்க் கண்ணைத் திறந்தான் போல.
மேலே வந்தவன் கண்ணைக் கசக்கவில்லை.
மறுபடி குதித்தான்.